புது உறை போட்டால் பழுது தீராது

நாமக்கல்லில் லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு டயரில் தொடங்கி டீசலில் போய் நிற்கும். நடுவில் சுங்கச்சாவடி வரும், காப்பீடு வரும், எஃப்.சி. வரும், கிடைக்காத வாடகை வரும். ஓட்டுநர் உட்காரும் இருக்கையும் அவர் படுக்கும் பலகையும் மட்டும் வருவதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “ஏனுங்க, ரெண்டு வருசத்துல விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க குஷன் வேலை? மேல ஒரு ரெக்சினப் போட்டு அடிச்சு உட்டாப் போதும்” என்ற பதில் உடனே வரும்.

சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் லாரி செட்டுகளில் இதுதான் பொதுக்கருத்து. நல்ல மனிதர்கள், தொழில் தெரிந்தவர்கள், தாங்களே ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் காரணங்கள் ஐந்து. கேபின் உள்வேலை அலங்காரச் செலவு. கிழிந்தால் மேலுறை போதும். பழைய கேபினில் பணம் போடுவதைவிட ஏ.சி. கேபினோடு புது வண்டி எடுப்பது மேல். ஓட்டுநர் இன்று இருப்பார், நாளை போய்விடுவார். உள்ளூர்ப் பட்டறை வேலையை நம்ப முடியாது. முதல் நான்கும் தவறு. ஐந்தாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் பழுது பார்க்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

அலங்காரம் என்ற வாதம்

இருக்கையும் படுக்கையும் சொகுசுக்கானவை, வண்டி ஓடுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது முதல் வாதம். வண்டியை ஓட்டுவது ஒரு மனித உடல் என்பதை மறந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டு லாரி ஓட்டுநர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 12 மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். களைப்போ தூக்கமோ இருக்கும்போதும் ஓட்டுவதாகக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதில் ஒப்புக்கொண்டார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது, அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. சட்டத்துக்கும் சாலைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கையில், அந்த இடைவெளியைத் தாங்குவது ஓட்டுநரின் முதுகுதான். முதுகைத் தாங்குவது இருக்கை.

மேலும் கீழுமாக வரும் அதிர்வில், விநாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும் அதிர்வைத்தான் மனித உடல் அதிகமாக உணர்கிறது. முதுகெலும்பும் அடிவயிறும் அந்த வேகத்தோடு சேர்ந்து ஆடிவிடுகின்றன. நல்ல இருக்கை சாலையின் குத்தலைப் பாதியிலேயே வாங்கிக்கொள்ளும். ஃபோம் செத்துப்போன இருக்கை வாங்கிக்கொள்ளாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு நேராக அடிப்பலகையில் போய் இடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே இதற்கென ஓர் ஆணை கொண்டுவந்தது. 8 மணி நேர வேலைக்கு உடல் முழுவதும் வாங்கும் அதிர்வு 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்று அதில் விதித்தார்கள். மீட்டரும் விநாடியும் சேர்ந்த முடுக்கத்தின் அளவு அது. எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் அதிர்வைக் குறைக்கும் இருக்கையையும், கருவிகளை ஒழுங்காகப் பராமரிப்பதையும் எழுத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

படுக்கைக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகள் லாரியின் தூங்கும் பெர்த்துக்கு அளவு சொல்கின்றன: நீளம் குறைந்தது 75 அங்குலம், அகலம் 24 அங்குலம். மெத்தை ஃபோமாக இருந்தால் குறைந்தது 4 அங்குலக் கனம் வேண்டும். காற்றோட்டம் வேண்டும், மழை ஒழுகக் கூடாது, புகைக்குழாயின் சூடு ஏறக் கூடாது. பிரேக்குக்கும் விளக்குக்கும் டயருக்கும் விதி எழுதிய அதே பாகத்தில் மெத்தைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஓட்டுநர் தன் தினசரி ஓய்வை நிறுத்திய வண்டிக்குள் எடுக்கலாம். ஆனால் அதில் தகுந்த தூங்கும் வசதி இருக்க வேண்டும். வாராந்திர முழு ஓய்வை வண்டிக்குள் எடுக்கவே கூடாது என்பது அங்கே சட்டம். தூங்காத ஓட்டுநர் சாலையில் எதிரே வருகிற எல்லோருக்கும் ஆபத்து என்ற எளிய உண்மையிலிருந்து பிறந்த விதிகள் இவை.

நம் ஊர்க் கேபினில் பெர்த் என்ற பெயரில் இருப்பதைப் பாருங்கள். உளுத்த பிளைவுட், அதன் மேல் விரல் கனத்துக்கு அமுங்கிப்போன ஃபோம், அதற்கு மேல் வியர்வையில் ஒட்டும் ரெக்சின். அடியில் ஜாக்கி, கயிறு, தார்ப்பாய்த் துண்டு. இதைச் சீராக்குவதை அலங்காரம் என்று அழைப்பவர், முன் கண்ணாடிக்கு மேலே வரிசையாக வண்ண விளக்கும் பக்கப் பலகையில் மயிலும் வரைய யோசிக்காமல் பணம் எடுத்துக் கொடுக்கிறார். மயில் இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அலங்காரக் கணக்கில் வர வேண்டியது அது. இருக்கையும் படுக்கையும் வர வேண்டிய இடம் பிரேக் லைனிங் எழுதும் பக்கம்.

மேலுறை என்ற வாதம்

இரண்டாவது வாதம்தான் அதிகச் சேதம் செய்கிறது. ஏனென்றால் அது ஒன்றும் செய்யாததைச் செய்தது போலக் காட்டுகிறது. சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்து கடைசி நாளில் வண்டி குஷன் கடைக்கு வரும். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அரை நாளில் எந்தக் கைகாரராலும் இருக்கையைப் பிரித்துப் பார்க்க முடியாது. பழைய ரெக்சின் மேலேயே புது ரெக்சின் ஏறும், ஓரத்தில் பின் அடிக்கப்படும், பளபளப்பாக வண்டி வெளியேறும். மூன்று மாதத்தில் அதே இடத்தில் குழி விழும். அடுத்த கோடையில் அதே தையலில் பிளக்கும்.

ஏன் பிளக்கிறது என்று தெரிந்தால் உறையை நம்ப மாட்டோம். ரெக்சின் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசிய பொருள். பி.வி.சி. தன்னளவில் விறைப்பானது. அதை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற இளக்கிகளைக் கலக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கதவடைத்து நிற்கும் கேபினுக்குள் சூடு அதைவிட மிக அதிகம். அடியில் என்ஜின் சூடு வேறு. அந்தச் சூட்டில் இளக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. மிச்சமிருப்பது விறைத்த தோல். அது முதலில் எங்கே கிழியும்? ஊசி ஏற்கெனவே ஓட்டை போட்ட தையல் வரிசையில். தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரெக்சினில் நேர்மாறாக நடக்கும். நெருங்கிய ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து கிழிசலுக்கு வழி போட்டுக் கொடுக்கும்.

உறைக்குக் கீழே ஃபோம். பாலியூரித்தேன் ஃபோம் என்பது லட்சக்கணக்கான நுண்ணறைகளின் கூட்டம். ஆள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அறைச் சுவர்கள் மடங்கி நிமிர்கின்றன. பாரமும் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அடிக்கும்போது சுவர்கள் உடைந்து பொடியாகும். பழைய இருக்கையைப் பிரித்தால் மஞ்சள் தூளாகக் கொட்டுவது அதுதான். புது உறை அந்தத் தூளை மறைக்குமே தவிர ஃபோமாக மாற்றாது.

ஃபோமுக்குக் கீழே பலகை. கேபினில் மழை ஒழுகும், தண்ணீர்க் கேன் கவிழும், வியர்வை இறங்கும். யூரியா பிசினில் ஒட்டிய மலிவு பிளைவுட் ஈரத்தைத் தாங்காது, அடுக்கடுக்காக உரியும். ஃபீனால் பிசினில் ஒட்டிய, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனால் பெர்த்துக்கும் இருக்கைக்கும் தேவைப்படுவது சில பலகைகள். அதில் மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

பலகைக்கும் கீழேதான் நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம் இருக்கிறது. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டு, துருப்பிடித்த தகடு, பெல்ட் பூட்டிய இடம், பின்சுவர் லைனிங்குக்குள் ஓடும் ஒயர். ஃபேனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் யார் யாரோ எப்போதோ இழுத்த ஒயர்கள் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் உரசி உரசி உறை தேய்ந்து கிடக்கும். பக்கத்தில் பஞ்சும் ஃபோமும். கேபின் எப்படித் தீப்பிடிக்கிறது என்று கேட்பவர் ஒருமுறை பழைய பெர்த்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மேலுறை போடுகிறவர் இதைப் பார்ப்பதில்லை. முழு வேலை செய்கிறவர் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்த குஷன் வேலை ஒரு பரிசோதனையும்கூட. எஃப்.சி.யில் எவரும் திறந்து பார்க்காத இடத்தை அது திறந்து காட்டுகிறது.

ஒழுங்கான வேலை எப்படியிருக்கும்? இருக்கை முதலில் வண்டியை விட்டு இறங்க வேண்டும். பழைய ரெக்சினைக் கிழித்தெறியாமல் தையலை அறுத்துத் துண்டு துண்டாகப் பிரித்தால் புது வெட்டுக்கு அதுவே அளவு. இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, விரிசலுக்கு வெல்டு வைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். பலகைக்குக் காற்றுத் துளைகளும், வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷும் வேண்டும். பிளைவுட் ஈரம் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான். அதன் மேல் அடியடுக்கு கெட்டியாகவும் மேலடுக்கு சற்று மிருதுவாகவும் இரண்டு ஃபோம். கடையில் ‘40 டென்சிட்டி’ என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ எடை என்று பொருள். கெட்டித்தன்மை என்பது வேறு அளவு. எடை குறைந்த ஃபோமும் கையால் அழுத்தினால் கெட்டியாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் குழி விழும். இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெர்த்துக்கு வேறு தர்மம். தென்னை நாரில் ரப்பர்ப்பால் தெளித்துச் செய்த காயர் மெத்தை அடியில் இருந்தால் காற்று உள்ளே போய்வரும், ஈரம் தங்காது. மேலே ஃபோம். அதற்குமேல், கழற்றித் துவைக்கும்படி ஜிப் வைத்த துணி உறை. இருக்கையிலும் உடம்பு படும் நடுப்பகுதிக்குத் துணி, உரசல் வாங்கும் பக்கங்களுக்கு ரெக்சின் என்று பிரித்துத் தைத்தால் வியர்க்குரு குறையும். இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் பட்டறைகளில் நல்ல கைகாரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதான். அவர்களை நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்கான நாளைக் கொடுப்பதில்லை.

புது வண்டி வரட்டும் என்ற வாதம்

மூன்றாவது வாதம் காலத்தைத் துணைக்கு அழைக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கம்பெனிக் கேபினும் வந்துவிட்டது. இனி பழைய கேபினை யார் நோண்டுவது என்கிறார்கள்.

ஏ.சி. கட்டாயம் நல்ல விதி. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். 43 முதல் 47 டிகிரி வெப்பத்தில் ஓட்டுநர்கள் வண்டி ஓட்டுவதை 2023 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே எடுத்துச் சொன்னார். ஆனால் விதியின் வாசகத்தைப் படியுங்கள். அது அந்தத் தேதிக்குப் பிறகு தயாராகும் வண்டிக்கு மட்டும். அதற்கு முன் வாங்கிய வண்டிகள் நாளைக்கே மறைந்துவிடப் போவதில்லை. முதல் உரிமையாளர் விற்றால் இரண்டாமவர் ஓட்டுவார், அவர் விற்றால் மூன்றாமவர் ஓட்டுவார். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளையும் நாமக்கல் முட்டைகளையும் இன்னும் பல ஆண்டுகளுக்குச் சுமக்கப்போவது இவைதான். அவற்றின் ஓட்டுநர்கள் விதிக்கு முன் பிறந்த வண்டியில் ஏறிய குற்றத்துக்காகக் குழி விழுந்த இருக்கையில் உட்கார வேண்டுமா?

இன்னொன்று. ஏ.சி. கேபினில் இருக்கை தேயாது என்று யார் சொன்னது? அங்கும் ஃபோம்தான், அங்கும் தையல்தான், அங்கும் 12 மணி நேரம் உட்காரும் அதே உடல்தான். கம்பெனி இருக்கை தேய்ந்தால் முழு இருக்கையாக மாற்றச் சொல்வார்கள். உறையும் ஃபோமும் மட்டும் போன இருக்கைக்கு, நல்ல சட்டத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடுவது என்ன சிக்கனம்? தூக்கிப் போட்டது எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டறை ஓரத்தில் பழைய ரெக்சினையும் ஃபோமையும் கொளுத்துகிறார்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அந்தப் புகையை மூச்சில் வாங்குவது பட்டறைப் பையன்கள். கழிவு ஃபோமை அரைத்துப் பசையோடு அழுத்தி மறுபடியும் கெட்டி ஃபோமாக்கும் தொழில் நம் நாட்டில் இருக்கிறது. ஆக்கர் கடைக்குப் போக வேண்டியதை அடுப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை.

இருக்கை, பெர்த் இரண்டையும் அடியிலிருந்து சீராக்க ஆகும் செலவு, பொதுவாக ஒரு ஜோடி புது லாரி டயரின் விலைக்குள் அடங்கும். டயரைத் தள்ளிப்போட முடியாது என்று நமக்குத் தெரியும். முதுகைத் தள்ளிப்போடலாம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஓட்டுநர் நிலையில்லை என்ற வாதம்

நான்காவது வாதத்தைச் சொல்லும்போது பலருக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. “இன்னைக்கு இருக்கறான், நாளைக்கு வேற வண்டிக்குப் போயிருவான். அவனுக்கு எதுக்கு மெத்தை? போட்டுக் குடுத்தாலும் கிழிச்சுத்தான் வெப்பான்.”

ஆள் மாறலாம், இருக்கை காலியாக இருப்பதில்லை. ஒருவர் போனால் இன்னொருவர் அதே குழியில்தான் உட்காருகிறார். டிரைவர் கிடைப்பதில்லை என்று லாரி உரிமையாளர்கள் புலம்பாத கூட்டம் இல்லை. கிடைக்கிற ஆளை எங்கே உட்கார வைக்கிறோம், எங்கே படுக்க வைக்கிறோம் என்ற கேள்வியும் அதே கூட்டத்தில் எழ வேண்டும். தன் மகன் லாரிக்குப் போகக் கூடாது என்று ஓட்டுநர் ஒருவர் நினைக்கிறார் என்றால், சம்பளம் மட்டும் காரணமில்லை. இருபது வருடம் அந்தப் பலகையில் படுத்து எழுந்த உடம்பும் காரணம்.

கிழித்துவிடுவார்கள் என்பதற்கும் பதில் உண்டு. தனக்கென்று அக்கறை எடுத்துச் செய்த இடத்தை மனிதர்கள் காப்பாற்றுகிறார்கள். ஏற்கெனவே கந்தலாகக் கொடுத்த இடத்தைக் காப்பாற்ற யாருக்கும் மனம் வராது. பெர்த் எவ்வளவு உயரம் வேண்டும், தலைமாடு எந்தப் பக்கம், செல்போனும் சீப்பும் மாத்திரையும் வைக்க எங்கே ஒரு பை தைக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன் ஓட்டுநரைக் கேளுங்கள். கேட்டுச் செய்த வேலை நீடிக்கும்.

இதில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகள் நாடு முழுவதும் போகின்றன. ரிக் தனியாகப் போவதில்லை. குழாயும் டீசலும் சமையல் சாமானும் ஏற்றிய துணை லாரி கூடவே போகும். அதில் போகிற ஆட்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. அந்த லாரியிலேயே சமைத்து, அந்த லாரியிலேயே உண்டு, அதன் மேலும் அடியிலும் தூங்குகிறார்கள். மேலை நாடுகளில் ஓய்வுக்காகச் சுற்றுகிறவர்கள் வீட்டு வண்டி வைத்திருக்கிறார்கள். அதில் மேசையைத் தாழ்த்தினால் கட்டிலாகும், இருக்கையைத் திறந்தால் பெட்டியாகும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நம் சினிமா படப்பிடிப்புகளிலும் குளிரூட்டிய கேரவன்கள் நிற்கின்றன. பொழுதுபோக்குக்கு வண்டியில் தங்குகிறவருக்கு நல்ல மெத்தை வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. பிழைப்புக்கு வண்டியில் தங்குகிறவருக்கும் அது வேண்டும் என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்? இந்தியாவின் உண்மையான வீட்டு வண்டி திருச்செங்கோட்டுத் துணை லாரிதான். அதில் மடக்குக் கட்டிலும் மூடியோடு கூடிய பெட்டி இருக்கையும் துவைக்கக்கூடிய மெத்தையும் கட்டித்தர நம் ஆசாரிகளால் முடியும். இரவில் துளையிட்டுப் பகலில் தூங்கும் உடம்புக்கு அது மருந்துக்குச் சமம்.

நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர் ஓய்வு இல்லங்கள் வருகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமர் 1,000 ஓய்வு மையங்களை அறிவித்தார். வரட்டும், இன்னும் வரட்டும். ஆனால் லோடோடு நிற்கும் வண்டியை விட்டு ஓட்டுநர் எங்கே போவார்? தார்ப்பாயை அறுத்துச் சரக்கு எடுப்பவர்களும் டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சுபவர்களும் இருக்கும் வரை அவர் கண்ணை மூடுவது கேபினில்தான். ஆலை வாசலில் இறக்குவதற்கு வரிசையில் காத்துக் கிடக்கும் நாட்களிலும் அவருக்கு வேறு அறை கிடையாது.

உள்ளூர் வேலை ஆபத்து என்ற வாதம்

ஐந்தாவது வாதத்துக்கு மரியாதை கொடுத்துப் பேச வேண்டும். தெருவோரக் குஷன் வேலையில் தவறுகள் நடக்கின்றன. தீப்பற்றினால் நிமிடத்தில் உருகிச் சொட்டும் மலிவுத் துணி போடுகிறார்கள். பெல்ட் பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, வேறு ஏதோ ஒரு போல்ட்டைத் திருப்பி விடுகிறார்கள். இருக்கையை உயர்த்துகிறேன் என்று பெடலுக்கும் காலுக்கும் உள்ள கணக்கைக் கெடுக்கிறார்கள். ஒயரை லைனிங்குக்குள் திணித்து மேலே பின் அடிக்கிறார்கள். சமையல் வாயு ஏற்றும் டேங்கர்கள் ஏராளமாக இயங்கும் நாமக்கல்லில் இந்த அலட்சியத்தை யாரும் மன்னிக்க முடியாது.

ஆனால் இதற்குத் தீர்வு, வேலையை நிறுத்துவதா, திருத்துவதா? வண்டிகளின் உட்பகுதிப் பொருள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது. லாரிக் கேபின், பாடி கட்டுமானத்துக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. தரச்சான்றுள்ள துணியும் ஃபோமும் சந்தையில் கிடைக்கின்றன. வாங்குகிறவர் கேட்டால்தான் கடைக்காரர் வைப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தேய்ந்த இருக்கையை அதே இடத்தில், அதே அளவில் சீராக்குவதை அது தடுக்கவில்லை. பெல்ட்டையும் அதன் பிணைப்பையும் தொடாமல், இருக்கையின் உயரத்தை மாற்றாமல், ஒயரைக் குழாய்க்குள் விட்டு ஃபியூஸ் வைத்துச் செய்கிற வேலை யாருக்கும் ஆபத்தில்லை.

அதைச் செய்யும் கைகள் இங்கேதான் இருக்கின்றன. புதுச் சேசிஸை ஓட்டிவந்து நாமக்கல் பட்டறையில் விட்டுப் பாடி கட்டிப்போவது வெளி மாநிலத்தாருக்கும் பழக்கமான ஒன்று. ஆசாரி, வெல்டர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர், குஷன் வேலைக்காரர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்கள் எத்தனை? கம்பெனிக் கேபின்கள் பெருகப் பெருகப் பாடி கட்டும் வேலையின் ஒரு பகுதி இந்தப் பட்டறைகளை விட்டுப் போகிறது. பழுது பார்க்கும் வேலை போகாது. அதைத் தாழ்ந்த வேலையாக நினைத்து நாமே விரட்டினால் ஒழிய. மேலுறை அடித்தே பழகிய தலைமுறைக்கு இருக்கையைப் பிரிக்கத் தெரியாமல் போகும். தெரியாத கையில் வேலை கெடும். கெட்ட வேலையைக் காட்டி, உள்ளூர் வேலை இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்வோம். ஐந்தாவது வாதம் இப்படித்தான் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். லாரி உரிமையாளர் சங்கங்கள் கேபின் பழுதுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை எழுதி வைக்கட்டும்: என்ன பிளைவுட், எத்தனை அங்குல மெத்தை, எந்தத் தரத் துணி, ஒயருக்கு என்ன காப்பு. எஃப்.சி.க்கு அனுப்பும் வாரத்தில் இருக்கையும் பெர்த்தும் வண்டியை விட்டு இறங்கட்டும்; அதற்கு இரண்டு நாள் ஒதுக்கட்டும். குஷன் கடைக்காரர் போட்ட பொருளின் பெயரையும் கனத்தையும் பில்லில் எழுதட்டும். ரிக் உரிமையாளர்கள் அடுத்த முறை வண்டி ஊர் திரும்பும்போது துணை லாரியின் தங்குமிடத்தை, அதில் தூங்குகிற ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு திருத்தட்டும். பட்டறை முதலாளிகள் இளைஞர் ஒருவருக்காவது இருக்கையை அடியிலிருந்து கட்டக் கற்றுக்கொடுக்கட்டும்.

இதற்குப் பிறகும் மேலுறை போதும் என்று சொல்கிறவர், ஓட்டுநரின் பெர்த்தில் ஒரே ஓர் இரவு படுத்து எழுந்து, காலையில் அந்த இருக்கையில் உட்கார்ந்து சங்ககிரியிலிருந்து ஓசூர் வரை போய்வந்து சொல்லட்டும். அப்போதும் அதையே சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.